பால் காய்ச்ச யார் வருவாங்க

“எமகண்டம் கழியட்டும்மா. ஒன்றரைக்கு மேல சாவிய வாங்கிக்கோ. அதுவரைக்கும் ஃபேன் காத்துல உக்காரு” என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி அம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பவானி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்லக்கூடாது, பிரம்பு நாற்காலியின் விளிம்பில் முதுகு படாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் யாரோ கர்ச்சீப் போட்டு வைத்த சீட்டில் அவன் வருவதற்குள் உட்கார்ந்துவிட்டவள் மாதிரி. கையில் டபரா. காபி நன்றாகத்தான் இருந்தது, அதுவே எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் ஏறி இறங்கிய வீடுகளில் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் நீட்டியதில்லை, இந்த அம்மாள் கேட்காமலே காபியைக் கொடுத்து, முகத்தைப் பார்த்தாலே தெரியுதே நம்ம வீட்டுப் பொண்ணுன்னு, என்று வேறு சொல்லிவிட்டாள். எந்த வீட்டுப் பொண்ணு? யார் வீட்டுப் பொண்ணு? நங்கநல்லூரில் மாடி போர்ஷன், ஒரு ஹால், ஒரு படுக்கையறை, வேப்பமரம் உள்ளே எட்டிப் பார்க்கிற பால்கனி, கிண்டி ஆபீசுக்கு மெட்ரோவில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். அந்த மாடியின் சாவி பூஜையறையில், பித்தளைத் தட்டில், வெற்றிலைக்கும் மஞ்சள் கிழங்குக்கும் நடுவில் கிடந்தது. இங்கிருந்தே தெரிந்தது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டால் எமன் என்ன கையைப் பிடித்தா இழுக்கப்போகிறான்? கட்டடத்துக்குக் கம்பிக்கணக்கு போடுகிறவள் அவள். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவள் சொன்னால்தான் கான்கிரீட் கலக்குகிறார்கள். அவள் கணக்குப் போட்டு நிற்கிற மாடிகளில் எத்தனையோ பேர் கால்மேல் கால் போட்டுத் தூங்குகிறார்கள், அவளுக்கு மட்டும் எமனிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. சிவனேன்னு உக்காருடீ, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விரலை மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. காலையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துத் தேய்த்து நகக்கண் எரிந்ததுதான் மிச்சம். மீனையே தொடவில்லை இன்றைக்கு, தொட்டு நாலு நாளாகிறது, ஆனாலும் மோந்து பார்க்கிற புத்தி போகவில்லை. இந்தப் புத்தியை வைத்தது அம்மா. பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் மறித்து, கையைக் காட்டுடீ, என்று எலுமிச்சை மூடியால் ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பாள் தேசம்மா. தேய்க்கிற அவள் கையில் ராத்திரி அறுத்த மீனின் செதில் ஒட்டியிருக்கும், அதை யார் தேய்ப்பது? பெற்றோர் கூட்டத்துக்கு ஒருதரம்கூட வந்ததில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்காவுக்குப் புதுப் புடவை கொடுத்து, சித்தின்னு சொல்லிக்கோக்கா, என்று அனுப்பிவைப்பாள். டெய்லர் அக்கா வந்து, மிஸ் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போகும். பவானிக்கு அப்போது அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது தன்னையே ஓங்கி அறையலாம் போலிருந்தது. அடுக்களையிலிருந்து வத்தக்குழம்பு தாளிக்கிற வாசம் வந்து ஹால் முழுக்க நின்றது. பெருங்காயம். தெருமுனை வரைக்கும் வீசும், மாடிக்குப் போகும், மாடியில் காய்கிற துணியில் ஏறும். அதை ஒருத்தரும் நாற்றம் என்று சொல்வதில்லை, அதுக்குப் பேர் மணம். மீன் குழம்பு கொதித்தால் மட்டும் மூக்கு என்று ஒன்று இருப்பது ஊருக்கெல்லாம் ஞாபகம் வந்துவிடும். நல்ல மூக்கு, நல்ல ஊர்.

ஆபீசில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு இந்த ஊரைப் பங்கு போடுவார்கள். வேளச்சேரி வேண்டாம், மழை பெய்தால் படகு வேணும், என்பான் ஆனந்தன். பெசன்ட் நகர் பக்கம் பாரு பவானி, காலையில எழுந்தா கடல், ஈவ்னிங் வாக் போனா கடல், லைஃப்னா அதான், என்பான். கடல். இவளிடம் வந்து கடலைப் பற்றிச் சொல்கிறான். கடல் வீட்டுக்குள் வந்து சாமான் செட்டையெல்லாம் வாரிக்கொண்டு போன வருஷம் அவள் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்த கடல் அது. கடலைப் பார்த்த மாதிரி ஃப்ளாட் என்றால் அதற்குத் தனி வாடகை. கடலைப் பார்த்துப் பிறந்தவளுக்கு வீடே கிடையாது. ஆனந்தனுக்கு ஏரியா தேர்ந்தெடுப்பது புடவைக்கடையில் புடவை பார்ப்பது மாதிரி. இதை எடுத்துப் போடுங்க, அதைப் பிரிச்சுக் காட்டுங்க, பார்டர் சரியில்லை, வேற காட்டுங்க. அவளுக்குப் புடவை அவளைப் பார்த்தது. மேலும் கீழும் பார்த்துவிட்டு, இல்லம்மா, ஃபேமிலிக்குத்தான் விடறோம், என்றது மடிப்பாக்கத்தில். வீடு போயிடுச்சே, இப்பத்தான் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க, என்றது ஆதம்பாக்கத்தில். அந்த வீட்டு கேட்டில் ‘டு லெட்’ அட்டை இன்றைக்கும் தொங்குகிறது, வீடு தேடி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். பட்டணத்திலேயே பிறந்தவள் எங்கே போய்ச் சேருவது? ஊர்நாட்டிலிருந்து போன மாசம் ரயிலேறி வந்தவனெல்லாம் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு போகிறான், பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே வலை வீசினவர்களின் பெண்ணைப் பார்த்து, நீங்க சென்னைக்குப் புதுசா, என்கிறார்கள். புதுசுதான். நங்கநல்லூர்க்காரனுக்குக் காசிமேடு வேற தேசம்.

ஜாதியை யாரும் வாயால் கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. சொந்த ஊர் எது, என்பார்கள். அதில் பிடி கிடைக்காவிட்டால், குலதெய்வம் எங்க, என்பார்கள். அப்பா என்ன பண்றாரு, சாப்பாடெல்லாம் எப்படி. புரோக்கர் ஏகாம்பரம்தான் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தான். இப்போது அடுத்த தெருவில் வேறு யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருப்பான். “மேடம், காசிமேடுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. ராயபுரம்னு சொல்லுங்க, அதுவும் பொய் இல்லியே. சாப்பாடு கேட்டா ‘ம்’முன்னு சொல்லுங்க, போதும். அவங்களே மிச்சத்த நெரப்பிக்குவாங்க.” நிரப்பிக்கொண்டார்கள்தான். ராயபுரம் என்றதும் மங்கையர்க்கரசி அம்மாளின் முகம் மலர்ந்துபோயிற்று. எங்க பெரியப்பா ரயில்வேல அங்கதான்மா இருந்தாரு, நல்ல மனுஷங்க இருக்கிற இடம், என்றாள். பவானி என்ற பேரும் தோதாக அமைந்துவிட்டது. பெரியபாளையத்து பவானியம்மனுக்கு மொட்டை போட்டு வேண்டிக்கொண்டு வைத்த பேர் என்று யார் கண்டது? சுத்த சைவம்தானேம்மா, நாங்க முட்டைகூடத் தொட மாட்டோம், என்று கேட்டபோது பவானி, ம், என்றாள். ஒரு ‘ம்’முக்கு ஒரு வீடு. சொல்லி முடித்ததும் நாக்கு தடித்துப்போன மாதிரி இருந்தது, இன்னமும் இருக்கிறது, காபி குடித்தும் இறங்கவில்லை.

எதுக்குடீ இந்தப் பாடு, பேசாம அங்கேயே கிடக்க வேண்டியதுதானே? கிடந்து பார்த்தாயிற்று. ஒரே அறை, அதில் கட்டிலுக்கு அடியில் ஐஸ் பெட்டி, கட்டிலுக்கு மேலே தம்பி, இரண்டுக்கும் நடுவில் அவள் லேப்டாப். ராத்திரி ஆபீசிலிருந்து வருகிற வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு ஓட்டம். ஒருநாள் ஒரு லாரி பின்னால் வந்தது, டிரைவர் அவளைப் பார்க்கவே இல்லை, அந்தச் சக்கரத்தின் உயரம் இன்னமும் கனவில் வரும். அம்மாதான் முதலில் சொன்னாள், எலி வளையானாலும் தனி வளை வேணும்டீ, ஆபீஸ் கிட்ட ஒரு வூடு பாரு, என்று. சரி, பார்த்தாள். இந்த வீட்டைப் பற்றி ஏகாம்பரம் சொன்னதை நேற்று எடுத்துச் சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடியா, பால்கனி கீதா, தண்ணி உப்பா நல்லதண்ணியா, என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பவானியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பால்கனியில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைக்க வேண்டும், சும்மா, கையில் கத்தி இல்லாமல், முன்னால் கூடை இல்லாமல், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு. அதுதான் அவளுக்கு வேண்டியது, வேறென்ன? பால் காய்ச்ச நீதான் வரணும், புதுப் புடவை எடுத்துத் தரேன், என்றாள். இன்று விடிகாலையில் மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மா சொன்னாள். “நான் வர்லடீ. டெய்லர் அக்காவ இட்னு போ. அது நல்லா பேசும், பார்க்கவும் நல்லா கீது.” சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டாள். காலையிலிருந்து பவானிக்கு எரிகிறது. மங்கையர்க்கரசியின்மேல் வருகிற கோபம் ஒரு பங்கு என்றால் தேசம்மாவின்மேல் மூன்று பங்கு. யாரும் போ என்று சொல்வதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடுகிறவளை என்ன செய்வது? பஸ்ஸில் காலி சீட்டு இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வருவாள். உக்காரேம்மா என்றால், இருக்கட்டும்டீ, இறங்கப்போறோமே, என்பாள். இறங்க வேண்டிய இடம் கடைசி நிறுத்தமாக இருக்கும்.

“இன்னும் பத்து நிமிஷம்தான்மா” என்று மங்கையர்க்கரசி அம்மாள் வெளியே வந்தாள். நெற்றி நிறைய விபூதி, புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். கெட்ட மனுஷி இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும், அதுதான் பவானிக்குக் கோபத்தை இன்னும் கிளறியது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், நல்லவளை என்ன சொல்லித் திட்டுவது? “இந்த வீடு அவரு போனப்புறம் நானே நின்னு கட்டினது. பையன் கனடாவுல. அவன் இதுல எல்லாம் தலையிட மாட்டான், உன் இஷ்டம்மா, யாரை வேணா வெச்சுக்கோன்னுட்டான். என் முடிவுதான் முடிவு. எனக்கு மனுஷங்களப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.” பவானி தலையை ஆட்டினாள். “புதன்கிழமை நாள் நல்லாருக்கு. பால் காய்ச்சிடு. கேஸ் அடுப்பு நான் தரேன், சர்க்கரையும் நம்ம வீட்டுலயே எடுத்துக்கோ. பால் காய்ச்ச யார் வருவாங்க? அம்மா வருவாங்கல்ல? அம்மாவப் பார்த்துட்டா எனக்கும் ஒரு நிம்மதி.” பால் காய்ச்ச யார் வருவாங்க. டெய்லர் அக்கா வரும். சித்தின்னு சொல்லிக்கும். புதுப் புடவை கட்டிக்கும். நன்றாகத் தலையாட்டும். பவானி வாயைத் திறந்தாள், அதற்குள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. அம்மா. ஞாயிற்றுக்கிழமை யாவாரம் முடிகிற நேரம்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் அடிப்பாள், அது அவள் குணம். எடுத்து, காதோடு அழுத்தி, ஆபீசில் கிளையன்டிடம் பேசுகிற அந்தக் குரலில், கீழ்ஸ்தாயியில், ஒவ்வொரு எழுத்தாகத் துலக்கி, “ஹலோ, சொல்லுங்க” என்றாள் பவானி. பெற்ற தாயிடம். அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம், வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், அதற்கு நடுவில் அம்மாவின் மூச்சு. “அல்லோ... யாருங்க?” என்றாள் அம்மா. மங்கையர்க்கரசி அம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லுங்க, கேக்குது” என்றாள் பவானி, இன்னும் பதவிசாக. அம்மாவின் குரல் மாறியது, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறவள் குரல் மாதிரி ஆயிற்று. “வூட்டுக்காரம்மாங்களா? கும்புடறேங்கம்மா. போன் பவானிம்மாவுதுங்களே, நீங்க எடுத்துட்டீங்களா. நான் அவங்க வூட்ல வேல செய்ற ஆயாங்க. சின்னப் புள்ளைலேர்ந்து நாந்தான் பாத்துக்கினு கீறேன். தங்கமான பொண்ணுங்க. ஒரு வம்பு தும்புக்குப் போவாதுங்க. அவங்க அம்மா ஊர்ல இல்லீங்க, அதான் நான் சொல்றேன். வூட்ட அதுக்கே குடுத்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.” இவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், வெச்சிட்றேங்கம்மா, என்று வைத்துவிட்டாள். பவானி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஆயா. அவங்க அம்மா ஊர்ல இல்லீங்க. எப்போது யோசித்து வைத்தாள் இதையெல்லாம்? யோசித்த மாதிரியே இல்லையே, கேட்டவுடன் வந்துவிட்டதே, நாக்கின் நுனியிலேயே எத்தனை வருஷமாக வைத்திருந்தாளோ. எலுமிச்சை மூடி தேய்த்த நாளிலிருந்து வைத்திருந்தாளோ. அழுகை வரப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகை இல்லை.

“யாரும்மா போன்ல?” என்றாள் மங்கையர்க்கரசி அம்மாள். பதில் தயாராக இருந்தது, அம்மாவே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எங்க வீட்டு ஆயா, ஆன்ட்டி. மூன்று நாலு வார்த்தை. காலையில் சொன்ன ‘ம்’மை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எமகண்டம் கழிந்துவிட்டது, அந்த அம்மாளும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சாவி கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சளில் புரண்டு கிடந்தது. சொல்லிவிட்டால் வேப்பமரம், பால்கனி, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு. பால்கனியில் நாற்காலி. நாற்காலியில் யார்? ஆயாவா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆயா தரையில் உட்காருவாளா, படிக்கட்டில் உட்காருவாளா? “எங்கம்மா” என்றாள் பவானி. குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. “எங்கம்மா ஆன்ட்டி. பேரு தேசம்மா. காசிமேட்டுல மீன் விக்குது. நாங்க மீன் சாப்பிடுவோம், காலையில நான் ம்முன்னு சொன்னது பொய். பால் காய்ச்ச அதுதான் வரும்.”

மங்கையர்க்கரசி அம்மாளின் முகம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. சிரிப்புக்கூட அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது. “அய்ய, அதுல என்னம்மா இருக்கு, உழைச்சுச் சாப்பிடறது. நான் அதெல்லாம் பார்க்கிற ஆளே இல்ல” என்றாள். அப்புறம், “பையன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவன்தானே நாளைக்கு இதுக்கெல்லாம். கேட்டுட்டு ஏகாம்பரத்துக்கிட்ட சொல்லி அனுப்பறேன். தப்பா நினைச்சுக்காதம்மா” என்றாள். தட்டு பூஜையறைக்குத் திரும்பிப் போயிற்று. திரும்பி வந்து, பவானியின் கையிலிருந்து டபராவை ரெண்டு விரலால் வாங்கி, அடுக்களைக்குக் கொண்டுபோகாமல், கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, வெயில் ஜாஸ்தியா இருக்கு, பார்த்துப் போம்மா, என்றாள். அதையும் அன்பாகத்தான் சொன்னாள். பவானி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஜன்னல் மேலே சன்ஷேடில் ஒரு விரிசல் ஓடியிருப்பதை வரும்போதே பார்த்திருந்தாள், சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். பையன்கிட்ட கேட்டுக்கட்டும்.

தெருமுனையில் பூட்டிக் கிடந்த இஸ்திரி வண்டியின் நிழலில் நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா. “இன்னாடி, வூடு கெடச்சுதா?” மூச்சுவிடாமல் பேசினாள். “வூட்டுக்காரம்மா என்னாண்ட பேசுச்சுடீ. உன் போன அதான் எடுத்துச்சு. எவ்ளோ மருவாதி தெரியுமா. சொல்லுங்க, சொல்லுங்கன்னுச்சு. இத்தினி வருசத்துல என்னிய எவ சொல்லுங்கன்னு சொல்லிக்கீறா? தங்கமான பொம்பள. நானும் நல்லமாரி நாலு வார்த்த சொல்லி வெச்சிருக்கேன். அந்த வூட்ட வுட்றாத.” பவானி வெயிலைப் பார்த்தாள். “அது வூட்டுக்காரம்மா இல்லம்மா. நான்தான்” என்றாள். அந்தப் பக்கம் யாரோ சங்கரா என்ன விலை என்று கேட்டார்கள், இருய்யா, என்று அம்மா அவர்களை நிறுத்திவைத்தாள். “நீதானா” என்றாள். அப்புறம், “வூடு?” என்றாள். “கெடைக்கல. நீ யாருன்னு சொல்ட்டேன்.” “அறிவு கீதாடீ உனக்கு” என்று ஆரம்பித்தாள் அம்மா, “அதான் நான் ஆயான்னு சொல்லி வெச்சேன் இல்ல, அதயே நீயும் சொல்றதுக்கு இன்னா கேடு, படிச்சு இன்னா பிரயோஜனம், கைல வந்தத வுட்டுட்டு வந்து நிக்கிற” என்று திட்டத் திட்ட அவள் குரல் உடைந்துகொண்டே வந்தது, நிறுத்தவுமில்லை. பவானி முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள். “வர்ற ஞாயித்துக்கெயம வேற வூடு பாக்கப் போறேன். நீயும் வர்ற. யாவாரம் முடிஞ்சதும் அங்கேர்ந்து அப்புடியே வா. டெய்லர் அக்கா கிக்கான்னு எவளையும் அனுப்பாத.” “அப்புடியேவா? குளிச்சுட்டு, பொடவ மாத்திக்கினு...” “குளிக்காத.” “ஏய், நாறும்டீ” என்றாள் அம்மா.

“நாறட்டும்” என்றாள் பவானி.